ஜாக்கி மேல் பொங்கிய பால்

திண்டுக்கல்லில் பேகம்பூரைத் தாண்டித் தெற்கே போகிற தெருவில் நாகஜோதியின் வீடு, மண்ணிலிருந்து மூன்றரை அடிக்கும் மேலே, கீழே ஒரு செங்கல்கூட இல்லாமல் நிற்கிறது. வீட்டு வரி மற்ற வீடுகளுக்கு என்னவோ அதேதான். அடியில் கோழிகள் மேய்கின்றன. மத்தியானத்தில் தெருநாய் படுத்துக்கொள்கிறது. வெளியூர்க்காரர்கள் குனிந்து பார்த்துவிட்டுத் தூண் எங்கே என்று கேட்கிறார்கள். இல்லை என்றால் கோபித்துக்கொள்கிறார்கள். இல்லாத தூணை நாங்கள் எங்கே போய்த் தேடிக்கொண்டு வருவது?

எல்லாம் ரோட்டால் வந்த வினை. போட வந்தவர்கள் ஒருதரமாவது பழைய தாரைச் சுரண்டி எடுத்தார்களா என்றால் இல்லை. அதன் தலையிலேயே புதுத் தாரைக் கொட்டி உருட்டிவிட்டுப் போனார்கள். ரோடு ஏற ஏற வீடு பள்ளத்துக்குப் போனது. கல்யாணமாகி வந்த புதிதில் மூன்று படி ஏறி உள்ளே நுழைந்த நாகஜோதி, மகள் தமிழ்மதி காலேஜுக்குப் போன வருஷத்தில் மூன்று படி இறங்கி நுழைந்தாள். ஐப்பசி அடைமழையில் சாக்கடையும் அவளோடு சேர்ந்து இறங்கியது. அரிசி டிரம்மும் கட்டிலும் செங்கல் மேல் ஏறின. சுவரில் இடுப்பளவுக்குக் கறை ஏறியது.

இடித்துக் கட்ட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அங்கேதான் முடிச்சு. மாமனார் சாகும் முன் பங்காளிகளைக் கூட்டிவைத்து ஒரு பேச்சுச் சொல்லியிருந்தார்: மனை அண்ணன் தம்பி இருவருக்கும் பொது; அதன் மேல் இருக்கிற வீடு இளையவன் பழனிக்குமாருக்கு, அதுவும் இடியாமல் இருக்கும்வரை. இடிந்தால் மனை இரண்டாகும், வீட்டுக்கு உரிமை கிடையாது. பக்கத்து மனையில் உயரமாகக் கட்டிய சொந்த வீட்டில் இருந்த மூத்தவர் மொக்கைச்சாமி அந்த நாளுக்காகத்தான் காத்திருந்தார். ரோட்டோரம் கடை கட்டி வாடகைக்கு விடும் ஆசை அவருக்கு. ஒவ்வொரு மழைக்கும் வந்து, தம்பி வீட்டுச் சுவரை விரலால் தட்டிப் பார்த்துவிட்டுப் போவார். பழனிக்குமார் வாயில்லாப் பூச்சி. கொடுத்துவிட்டு வாடகை வீட்டுக்குப் போய்விடலாம் என்று முனகினான். நாகஜோதி பூ மார்க்கெட்டில் எடை போடுகிறவள். ஏலக் கூச்சலுக்கு மேலே குரல் கொடுத்துப் பழகியவள். "நான் பெத்த பிள்ள தவழ்ந்த வீட்ட விட்டுட்டு எங்கிட்டும் வரமாட்டேன். நீங்க போறதுன்னா போங்க" என்று சொல்லிவிட்டாள்.

வீட்டை இடிக்காமல் தூக்குகிற ஆட்களைத் தொப்பம்பட்டிப் பக்கமிருந்து அவளே வரவழைத்தாள். மேஸ்திரி பொம்மையன் அஸ்திவாரத்தைச் சுற்றித் தோண்டி, சுவருக்கடியில் இரும்புச் சட்டம் கோத்து, வரிசையாக ஜாக்கி வைத்தார். அவர் விசில் ஊத, எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரு சுற்றுச் சுற்ற, வீடு நூலளவு எழும்பும். பழைய தரை கீழேயே தங்கிவிட்டது. மேலே சட்டத்தின் மீது புதுத் தளம் போட்டார்கள். ஒரு சுவர்கூட விழவில்லை என்பதற்குச் சாட்சியாகத் தமிழ்மதி தினமும் காலையில் எதிர்த்த கரண்டுக் கம்பத்தடியில் நின்று போனில் படம் எடுத்தாள். நாளைக்கு எவனும் நாக்கு மாறக்கூடாது பாருங்கள்.

வீடு மூன்றரை அடி ஏறியதும், அடியில் செங்கல் வைத்துக் கட்ட வேண்டியதுதான் பாக்கி. அன்றைக்குப் பார்த்து மொக்கைச்சாமி பங்காளிகளோடு வந்தார். வீடு தம்பியுடையதுதான், யார் இல்லை என்றது? ஆனால் மண் பொது. பொது மண்ணில் புதுச் செங்கல் வைக்கத் தன் சம்மதம் வேண்டும், அதைத் தரமாட்டேன் என்றார். பங்காளிகளும் தலையாட்டினார்கள். தகராறு மனையில் கரண்டி பிடிக்க மாட்டோம் என்று கொத்தனார்கள் கிளம்பினார்கள். பொம்மையனுக்கும் மறுநாள் கீரனூரில் வேலை, ஜாக்கிகள் அங்கே போயாக வேண்டும். தோண்டிய பள்ளத்தில் இறக்கினால் வீடு பிளந்துவிடும். பிளந்தால் மொக்கைச்சாமிக்குக் கடை. மனிதர் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார்.

நாகஜோதிக்கு ஆத்திரம் வந்தது. எதிர்வீட்டு பாஸிலாவிடம் அடுப்பும் பாலும் வாங்கினாள், ஏணி வைத்து ஏறினாள். பால் காய்ச்சுவது எல்லா வேலையும் முடிந்து குடிபோகும்போது செய்கிற காரியம். பொம்மையன் பதறிப்போனார். "ஏனுங்க, ஜாக்கி மேல நிக்கிற ஊட்ல பால் காச்சக் கூடாதுங்க. ஊடு அதையே எடம்னு நெனச்சுக்குமுங்க. எங்கூர்ல ஒரு மாட்டுக் கொட்டாய்க்கு அப்படித்தானுங்க ஆச்சு."

"நெனைக்கட்டும். குடி வந்த வீட்ட எவன் இறக்குறான்னு நானும் பாக்குறேன்" என்று அடுப்பைப் பற்றவைத்தாள். பால் கிழக்கே பொங்கி வழிந்தது. அவள் அழுதுகொண்டேதான் எல்லோருக்கும் டம்ளரில் ஊற்றினாள். மொக்கைச்சாமிக்கும் ஒரு டம்ளர் போயிற்று. அவரும் குடித்தார்.

மறுநாள் காலையில் ஜாக்கிகளைத் தளர்த்தினார்கள். முதல் ஜாக்கி வந்தது, வீடு இறங்கவில்லை. வரிசையில் கடைசி ஜாக்கியும் வந்தது. பொம்மையன் அடியில் கையை விட்டுத் துழாவிப் பார்த்தார். "சொன்னனுங்கள்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றினார். தமிழ்மதி அன்றைய படத்தையும் எடுத்தாள்.

பங்காளிகள் மறுபடி கூடினார்கள். படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். வீடு இடியவில்லை, ஆகவே வீடு தம்பிக்கு. பொது மண்ணை வீடு தொடவே இல்லை, ஆகவே அதில் தகராறும் இல்லை. "மண்ணு அம்புட்டையும் நீங்களே வச்சுக்கங்க மாமா" என்றாள் நாகஜோதி மேலேயிருந்து. மொக்கைச்சாமி வைத்துக்கொண்டார். கடை கட்டத்தான் உயரம் போதவில்லை. தன் பைக்கை வீட்டுக்கடியில் தள்ளி நிறுத்தி, நாலு பக்கமும் கயிறு கட்டி உரிமையை நிலைநாட்டினார். தினமும் நிமிரும்போது தலையில் இடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு ரோடு இரண்டு தரம் உயர்ந்தது. நாகஜோதியின் வீடும் அதே அளவு தானாக ஏறிக்கொண்டது. வாசலுக்கு இரும்பு ஏணியைக் கொஞ்சம் நீட்டி ஒட்டவைத்தார்கள், அவ்வளவுதான் செலவு. பள்ளத்துக்குப் போனது மொக்கைச்சாமி வீடு.

போன ஐப்பசியில் பெய்த மழையில் பைக் முழுகியது. சாயங்காலம் அவரும் அவர் சம்சாரமும் முழங்கால் தண்ணீரில், தலையில் பாயும் தலையணையுமாக, ஏணிக்குக் கீழே வந்து நின்றார்கள். மொக்கைச்சாமி ஏணியை விரலால் தட்டினார். நாகஜோதி எட்டிப் பார்த்தாள்.

"ஏறி வாங்க மாமா. மண்ணு எங்கிட்டும் போயிறாது."

சாப்பிட்டார்கள். சாம்பாரும் கத்தரிக்காய் வெஞ்சனமும். மொக்கைச்சாமி கை கழுவிவிட்டு ஜன்னல் வழியாகத் தன் வீட்டைப் பார்த்தார். பிறகு, பசும்பால்தான் வேணுமா, பாக்கெட் பால் போதுமா என்று கேட்டார்.

"மொதல்ல ஜாக்கிக்குச் சொல்லுங்க" என்றாள் நாகஜோதி. "பால் நான் வந்து காச்சுறேன்."