துடைத்த ஈரம்

அந்த மாதம் முழுக்க வானம் ஒரு சொட்டுகூடக் கீழே விடவில்லை. இதை அவளைவிட உறுதியாகச் சொல்ல ஊரில் ஆள் கிடையாது. வானிலை அலுவலகத்துக்காக மழையளவு எடுப்பவள் அவள்தான். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வேலி போட்ட இடத்தில் நிற்கும் மழைமானியைத் தினமும் காலையில் திறப்பாள். உள்ளே ஒட்டியிருக்கும் பனி ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுப்பாள். பதிவேட்டில் சைபர் போடுவாள். பனி வேறு, மழை வேறு. ஒன்றின் கணக்கில் இன்னொன்று சேரக்கூடாது என்பதில் அவள் படு கறார். ஊரார் அவளுக்கு 'சைபர்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

போன மாதக் கடைசி மழையின் ஈரத்தை நம்பி அவளும் புருஷனும் கொண்டைக்கடலை விதைத்திருந்தார்கள். செடி ஒரு சாண் வளர்ந்து நின்றது. கீழே கறுப்பு மண் விரல் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடந்தது. இருபத்தெட்டாவது சைபரைப் போட்ட அன்று அவளுக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று. சாகிற பயிரைத் தினமும் பார்த்து வயிறெரிவதைவிட ஆட்டுக்காவது போகட்டும் என்று ஆட்டுக்காரருக்குச் சொல்லியனுப்பினாள். இன்னும் நாலு நாள் பொறுக்கலாமே என்று புருஷன் இழுத்தான். அந்த நாலு நாளில் என்ன கொட்டப்போகிறது என்று கேட்டு அவன் வாயை அடைத்தாள். பக்கத்து நிலம் நாத்தனாருடையது. அண்ணி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் தன் கடலையை உழுதுபோட டிராக்டருக்குச் சொல்லிவிட்டாள்.

மறுநாள் விடிந்ததும் ஆடுகள் வந்துவிட்டன. குட்டை வற்றியதால் இரண்டு நாளாகப் பாதித் தண்ணீரில் காலம் தள்ளிய ஆடுகள். வயலில் இறங்கியதும் அவை மேயவில்லை. தலையைக் குனிந்து இலைகளை நக்கிக்கொண்டே நகர்ந்தன.

"தண்ணி குடிக்குதும்மா," என்றார் ஆட்டுக்காரர், தன் கண்ணையே நம்பாதவர் போல.

அவள் வயலுக்குள் இறங்கினாள். பத்தடி நடப்பதற்குள் முழங்கால்வரை துணி நனைந்து காலோடு ஒட்டிக்கொண்டது. ஓரத்தைப் பிழிந்தாள். தண்ணீர் கொட்டியது. இன்னும் நாலடி நடந்தாள், மறுபடி பிழிந்தாள், மறுபடியும் கொட்டியது. நனைந்த விரலை வாயில் வைத்துப் பார்த்தாள், கடலை இலைக்கே உரிய லேசான புளிப்பு. நிமிர்ந்தால் கண்ணுக்கெட்டிய மட்டும் ஒவ்வோர் இலையிலும், இலையின் ஒவ்வொரு மயிரிலும் தண்ணீர். மேகமில்லை, சத்தமில்லை, யாரையும் எழுப்பாமல் இத்தனை பெரிய நிலத்துக்கும் செடி செடியாக யாரோ ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒரு செடியைப் பிடுங்கினாள். லேசில் வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தபோது முழங்கை நீளத்துக்கு வேர் வந்தது. அதன் நுனியில் ஒட்டியிருந்த மண் சில்லென்றிருந்தது. கணுவில் ஊதா நிறத்தில் ஒரு மொட்டு.

ஆடுகளை ஓட்டச் சொல்லிக் கத்தினாள். ஆட்டுக்காரர் காரணம் கேட்காமல் குச்சியை எடுத்தார். அப்போதுதான் வரப்புக்கு அந்தப் பக்கம் டிராக்டர் சத்தம் காதில் விழுந்தது.

செடியும் கையுமாக ஓடினாள். நாத்தனார் வயலில் பாதி ஏற்கெனவே புரண்டு கிடந்தது. குறுக்கே போய் நின்றதும் டிராக்டர்காரர் வண்டியை நிறுத்தினார். நாத்தனார் ஓடி வந்து, என்ன அண்ணி, மழை வரப்போகுதா என்று கேட்டாள்.

"வராது. இது தினமும் பனித்தண்ணி குடிச்சுக்கிட்டுத்தான் இருந்திருக்கு," என்றாள் அவள். மூச்சு வாங்கியது. "தினமும் அந்த ஈரத்த என் கையாலயே துடைச்சுட்டுத்தான் சைபர் போட்டேன். உன் பாதி வயல் என்னாலதான் போச்சு."

நாத்தனார் செடியை வாங்கி வேரைக் கடைசிவரை தடவிப் பார்த்தாள். பிறகு டிராக்டர்காரரைத் திரும்பிப் போகச் சொன்னாள்.

உழுத பாதியில் செடிகள் வேர் மேலாகக் கிடந்தன. அவற்றின் இலைகளிலும் பனி அப்படியே இருந்தது. வெயில் ஏறும்வரை இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.