வாரை இறுக்கிப் பிடி

காலையில் மாமா லாயத்துக்கு வந்து, சண்டியின் இடது முன்னங்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல" என்றபோதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்றுமில்லாத காலை யாராவது குனிந்து அவ்வளவு நேரம் தடவுவார்களா?

சண்டி என் குதிரை. வாய்வார்த்தைக்குத்தான் என்னுடையது, உண்மையில் மாமாவுடையது. லாயம் அவருடையது, எனக்குப் பயிற்சி கொடுப்பவரும் அவரே. ஏற வந்தவர்களையெல்லாம் கடித்து விரட்டியவளை, வேறு வழியில்லாமல் என் தலையில் கட்டினார். என்னையும் கடித்தாள். நான் திருப்பிக் கத்தினேன். அதற்குப் பிறகு ஒத்துப்போய்விட்டது.

ஈவென்டிங் என்பது ஒரே குதிரையோடு மூன்று நாள் போராட்டம். முதல் நாள் மைதானத்தில் சொன்னபடி கேட்டு அடக்கமாக நடக்கவேண்டும். இரண்டாம் நாள் காடு, மேடு, தண்ணீர், பள்ளம் எல்லாம் தாண்டி ஓடவேண்டும். மூன்றாம் நாள் கம்பங்களைத் தட்டாமல் தாண்டவேண்டும். முதல் நாள் சண்டி அடக்கமாக இருந்ததைப் பார்த்து எனக்கே மயக்கம் வந்தது. நேற்று கடைசிப் பள்ளத்தைத் தாண்டி இறங்கும்போது மட்டும் ஒரு தடுமாற்றம். ஆனாலும் இரண்டாமிடத்தில் இருந்தோம். இன்று ஒழுங்காகத் தாண்டினால் நாட்டு அணியில் இடம். சின்ன வயதிலிருந்து நான் கேட்டது அது ஒன்றைத்தான்.

ராத்திரி முழுக்க ஐஸ் வைத்தும் கால் சுட்டது. பின்பக்கத் தசைநார் புடைத்திருந்தது.

"பரிசோதனையில நீயே கூட்டிட்டு ஓடு. வாரை கன்னத்துக்குக் கீழ இறுக்கிப் பிடி. தலை ஆடக்கூடாது" என்றார் மாமா.

மூன்றாம் நாள் கம்பம் தாண்டுவதற்கு முன்பு, ஒவ்வொரு குதிரையையும் டாக்டர்கள் முன்னால் கெட்டித் தரையில் ஓட்டிக் காட்டவேண்டும். மேலே ஏறாமல், கடிவாள வாரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நாம் ஓடவேண்டும். முன்னங்கால் வலிக்கிற குதிரை, அந்தக் கால் தரையில் படும்போதெல்லாம் தலையைத் தூக்கும். நாம் வாரைத் தொங்கவிட்டுப் பிடித்தால் அது பளிச்சென்று தெரியும். இறுக்கிப் பிடித்தால் தலை ஆடாது. நொண்டல் பாதி மறைந்துவிடும்.

"முடியாது. நான் இன்னிக்கு இவ மேல ஏறமாட்டேன்" என்றேன்.

"ஏறாத. அடுத்த வாரப் போட்டிக்கு வேற பொண்ணு ஏறுவா. குதிரை என்ன, உன்னைக் கேட்டா பொறந்துச்சு?"

"பெரியவருக்கும் இதேதான் சொன்னீங்க!"

பெரியவர் என் முதல் குதிரை. அன்றைக்கும் "ஒண்ணுமில்ல"தான். மாமாவே வாரை இறுக்கிப் பிடித்து ஓட்டிக் காட்டினார், டாக்டர்கள் விட்டுவிட்டார்கள். மூன்றாவது கம்பம் தாண்டி இறங்கியபோது என் காலடியில் ஏதோ அறுந்ததை நான் உணர்ந்தேன். இப்போது அவர் லாயத்தின் கடைசி அறையில், ஒரு காலைத் தரையில் ஊன்றாமல் நிற்கிறார். மாமா அந்தப் பக்கமே போவதில்லை. போவாரா?

"அம்மா, நீயாவது சொல்லேன்!"

அம்மா முக்காலியில் ஏறி நின்று சண்டியின் பிடரியைப் பின்னிக்கொண்டிருந்தாள். பரிசோதனைக்குப் பிடரியைச் சின்னச் சின்னச் சடையாகப் பின்னி, உருட்டி, நூலால் தைத்துவிடுவது வழக்கம். பல்லிடுக்கில் ஊசி. தன் தம்பியான மாமாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி சடையைப் பார்த்தாள். எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி! ஆத்திரத்தில் நான் வாளியை எட்டி உதைத்தேன். வலித்தது எனக்குத்தான்.

ஓட்டிக் காட்டுமிடத்துக்குப் போகிற வழியெல்லாம் யோசித்தேன். நான் மாட்டேனென்றால் அடுத்த வாரம் இன்னொருத்தி. மாமாவை மீறக்கூடிய ஆட்கள் அந்த டாக்டர்கள் மட்டும்தான். அவர்கள் ஒருமுறை 'ஆகாது' என்று எழுதிவிட்டால், அவர்களே மறுபடி பார்த்து அனுமதிக்கிறவரை அந்தக் குதிரையை யாரும் எந்தப் போட்டியிலும் இறக்கமுடியாது.

இதெல்லாம் தெரிந்தும், எங்கள் எண்ணைக் கூப்பிட்டபோது என் கை வாரை இறுக்கித்தான் பிடித்தது. எனக்கு அந்த இடம் வேண்டும். ஆமாம், வேண்டும்! எத்தனை வருஷம் விழுந்து எழுந்து, எலும்பு முறிந்து, கட்டோடு சாணி அள்ளியிருக்கிறேன்!

ஓடினோம். வேலியோரம் மாமா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சண்டி கடிக்கவில்லை, திமிறவில்லை. கழுத்தை என் கையில் கொடுத்துவிட்டு, வலியை விழுங்கிக்கொண்டு, நான் இழுத்த இழுப்புக்கு வந்தாள். உலகத்தில் யாருக்கும் அடங்காதவள், என்னை நம்பி அடங்கி வந்தாள். அடிப் பாவி, கடித்துத் தொலையேன்!

கோடியில் திரும்பும்போது வாரை விட்டேன். கை நீளத்துக்கு, நன்றாகத் தொங்கும்படி விட்டேன்.

அவள் தலை மேலே போனது, கீழே வந்தது. மறுபடி மேலே போனது. தலைமை டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னொரு தடவ ஓட்டிக் காட்டும்மா. வாரை இப்படியே விட்டுப் பிடி" என்றார். காட்டினேன். ஒலிபெருக்கி எங்கள் எண்ணைச் சொல்லி, "ஏற்கப்படவில்லை" என்றது.

லாயத்துக்குள் நுழைந்ததும் மாமா வெடித்தார்.

"வேணும்னே பண்ண! ஊரே பாக்க என் மூஞ்சில கரியப் பூசிட்ட! இனிமே இந்தக் குதிரையத் தொட்ட, கைய ஒடிச்சிருவேன். என் லாயத்துப் பக்கமே வராத!"

"வரல! நீங்களே கட்டி அழுங்க! ஆனா அந்தக் காலோட இவள ஒருத்தியும் ஓட்ட முடியாது. டாக்டர் எழுதிட்டாங்க. போய்ப் படிங்க!"

"கால்ல ஒண்ணுமேயில்லடி!"

அம்மா சின்னக் கத்திரியோடு வந்தாள். சண்டியின் சடைகளில் தைத்த நூலை ஒவ்வொன்றாக வெட்ட ஆரம்பித்தாள். தம்பி பக்கம் திரும்பாமலே பேசினாள்.

"ஒண்ணுமில்லைன்னா, காலைல ஏன்டா அவ்வளவு நேரம் தடவின?"

அக்கா மாமாவை இப்படிக் கேட்டு நான் பார்த்ததேயில்லை, அவரும் பார்த்திருக்கமாட்டார். வாளியைத் தாண்டி விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்.

எனக்கு ஆறுதலாக இருந்திருக்கவேண்டும். மாமா மேல் வந்ததைவிட அதிகமான கோபம் அம்மா மேல் வந்தது. என் அணி போய்விட்டது, என் குதிரை போய்விட்டது, இப்போதுதான் இவளுக்கு வாய் திறக்கிறது!

"இதக் காலைலயே கேட்டிருக்கலாம்ல! அப்ப எங்க போச்சு உன் வாய்?" என்று கத்தினேன். சண்டி காதைப் பின்னால் மடக்கினாள்.

அம்மா அடுத்த நூலை வெட்டினாள்.

"வாயில ஊசி இருந்துச்சு" என்றாள். கத்திரியை அடுத்த சடைக்கு நகர்த்தி, "பெரியவருக்குப் பின்னின அன்னைக்கும் இருந்துச்சு" என்றாள்.

நான் வாளியை எடுத்துக்கொண்டு ஐஸ் அள்ளப் போனேன்.