வெள்ளி முகத்துக்கு ஒரு கேமரா

எங்கள் குலதெய்வம் அங்காளம்மனின் வெள்ளி முகம் ஒரு மரப்பெட்டியில் இருக்கிறது. பெட்டி ஒரு வீட்டில், சாவி இன்னொரு வீட்டில். அதுதான் எங்கள் வழக்கம். திருவையாற்றுக்கு மேற்கே எங்கள் ஊரில் பங்காளிகள் இரண்டே வீடு, எங்களுடையதும் வீரையனுடையதும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாசி சிவராத்திரி காலையில் பெட்டியும் சாவியும் வீடு மாறும். கொடுக்கிற வீட்டார் முகத்தைத் துலக்கி, சந்தனம் சாத்தி வைத்ததும், ஜன்னல் இல்லாத அறையில் விளக்கு வெளிச்சத்தில் கைமாற்றுவோம். வெயில் படக்கூடாது.

அந்த முகத்தின் நெற்றியில் சுண்டைக்காய் அளவில் ஒரு சிவப்புக் கல் இருந்தது. இப்போது அந்த இடத்தை வெள்ளித் தகடு மூடியிருக்கிறது. முப்பத்தொன்பது வருடம் முன்பு என் தகப்பனார் வீட்டிலிருந்து பெட்டி வீரையனின் தகப்பனார் வீட்டுக்குப் போனது. மறுமுறை திறந்தபோது கல் இல்லை, இந்தத் தகடுதான் இருந்தது. வரும்போதே இல்லை என்றார்கள் அவர்கள். அனுப்பும்போது இருந்தது என்றோம் நாங்கள். அனுப்பிய அன்று சந்தனம் சாத்துவதற்கு முன் என் தகப்பனார் ஒரு ஸ்டுடியோக்காரரை வைத்துக் கலர் படம் எடுத்திருந்தார். அந்தப் படம் இன்றும் எங்கள் கூடத்தில் தொங்குகிறது. ஆனால் நெற்றியில் ஃபிளாஷ் அடித்து வெள்ளையாகிவிட்டது. கல் அந்த வெளிச்சத்தில் மறைந்துவிட்டது என்று நாங்கள் சொல்லிவந்தோம். வீரையன் குடும்பத்தைப் பற்றி என்ன நினைக்கிறோம் என்பதை ஊரே அறியும்.

இந்த மாசியில் பெட்டி என் வீட்டுக்கு வர வேண்டும். கண்ணில் இரண்டு, மூக்குத்தியில் ஒன்று என்று இன்னும் மூன்று கற்கள் மிச்சம். நாளை அதில் ஒன்று குறைந்தால் பழி என் தலையில் விழும். படம் எடுக்காமல் வாங்கமாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். செல்போனில் எடுக்கலாம் என்றான் வீரையன். அவன் மகன் இளம்பரிதிக்கு சிங்கப்பூரில் கம்ப்யூட்டர் வேலை. செல்போன் படத்தில் இல்லாத கல்லை வைக்கவும் இருக்கிற கல்லை எடுக்கவும் அவனுக்கு ஐந்து நிமிடம் போதும். ஃபிலிம்தான் வேண்டும், நெகட்டிவ் கையில் இருக்க வேண்டும் என்றேன். வீரையன் ஒப்புக்கொண்டான். ஆனால் கேமராவை இருவரும் சேர்ந்து வாங்க வேண்டும், பெட்டி இல்லாத வீட்டில் நெகட்டிவ் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டான். அவன் சீக்கிரம் ஒப்புக்கொண்டதே எனக்குப் பிடிக்கவில்லை.

தஞ்சாவூர் கீழவாசலில், ஒரு மாடியில், நௌஷாத் பழைய ஃபிலிம் கேமராக்களை விற்கிறார். முப்பது வயதுதான் இருக்கும். கல்லூரிப் பிள்ளைகள் பெங்களூரிலிருந்துகூட அவரிடம் வாங்குகிறார்களாம். நாங்கள் மேலே ஏறியதும் வீரையனைப் பார்த்து வணக்கம் வைத்தார்.

"உனக்கு இவரை முன்னமே தெரியுமா?" என்றேன்.

வீரையன் விசிறியைப் பார்த்தான். நௌஷாத்தான் பதில் சொன்னார்.

"ஐயா திங்கக்கெழமை வந்தாங்க. நீங்க புதன்கெழமை வந்தீங்க. ரெண்டு பேரும் ஒரே கேள்விதான் கேட்டீங்க, இன்னொருத்தர் வந்தாரான்னு."

கேமராவைக் காட்டுங்கள் என்றேன்.

இரண்டு கேமராக்களை எடுத்து வைத்தார். நான் பேட்டரி மூடியைத் திறந்து பச்சை பூத்திருக்கிறதா என்று பார்த்தேன். வீரையன் லென்ஸை ஜன்னல் பக்கம் தூக்கிப் பூஞ்சை தேடினான். முதல் கேமராவில் ஃபிளாஷ் மாட்டுகிற இடத்தில் ஒரே ஒரு உலோகப் புள்ளி. அந்த ஃபிளாஷ் எப்போதும் முழு வேகத்தில் அடிக்கும். தூரத்தை நாம்தான் கணக்குப் பண்ண வேண்டும். இரண்டாவதில் நான்கு புள்ளிகள். ஃபிலிம் மேல் விழுகிற வெளிச்சத்தை உள்ளேயிருக்கும் ஒரு சின்னக் கண் அளந்து, போதும் என்றதும் ஃபிளாஷை நிறுத்திவிடும் என்றார். அதுதான் வேண்டும் என்று எனக்கு உடனே பட்டது. அதனாலேயே கொஞ்சம் நிதானித்தேன்.

எடுக்கப் போவது வெள்ளி என்றதும் நௌஷாத் தயங்கினார். வெள்ளி கண்ணாடி மாதிரி வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், உள்ளேயிருக்கும் கண் ஏமாந்து சீக்கிரம் நிறுத்திவிடும், படம் இருட்டடிக்கும் என்றார். நேராக வைக்காமல் கொஞ்சம் சாய்த்து வைத்தால் சரியாக வருமாம். பின்னால் படம் கெட்டால் தப்பிக்க இப்போதே வழி பண்ணுகிறார் என்று நினைத்தேன். வீரையன்தான் சொல்லிக்கொடுத்திருப்பான் என்றும் நினைத்தேன்.

"எடுத்துக் காட்டுங்க தம்பி," என்றேன்.

நான் வீட்டிலிருந்து வெள்ளித் தட்டு கொண்டுபோயிருந்தேன். வீரையன் தன் மனைவியின் சிவப்புக் கல் மோதிரத்தைத் தட்டின் நடுவில் வைத்தான். ஜன்னலைச் சாத்திவிட்டு, ஒற்றைப் புள்ளிக் கேமராவில் ஒரு படம், நான்கு புள்ளிக் கேமராவில் நேராக ஒன்று, சாய்த்து ஒன்று எடுத்தார். இரண்டு ஃபிலிம் டப்பாக்களின் மேலும் காகிதம் ஒட்டி நாங்கள் இருவரும் கையெழுத்துப் போட்டோம். கழுவிப் பிரிண்ட் போட சென்னைக்குத்தான் அனுப்ப வேண்டுமாம். கிளம்பும்போது வீரையன் மோதிரக் கல்லை நகத்தால் அசைத்துப் பார்த்துக்கொண்டான்.

பத்து நாள் கழித்துப் போனோம். மூன்று பிரிண்டுகளையும் நௌஷாத் மேசையில் பரப்பினார். நான்கு புள்ளிக் கேமராவில் நேராக எடுத்தது அவர் சொன்னபடியே இருண்டிருந்தது. சாய்த்து எடுத்ததில் தட்டின் கீறல்கூடத் தெரிந்தது. அவரைச் சந்தேகித்தது தப்பு என்று மனதுக்குள் ஒப்புக்கொண்டு, ஒற்றைப் புள்ளிக் கேமராவின் படத்தைக் கையில் எடுத்தேன்.

தட்டு சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்திருந்தது. விளிம்பே தெரியவில்லை. ஆனால் அந்த வெளுப்பின் நடுவில் கல் இருந்தது. சிவப்பாக, பொட்டு வைத்ததுபோல.

"கல்லு இப்படி வெளுக்காதா தம்பி?"

"வெறும் வெள்ளிதாங்க ஐயா வெளுக்கும். நெறம் உள்ள கல்லு எவ்வளவு அடிச்சாலும் கொஞ்சமாவது தெரியும்."

எங்கள் கூடத்துப் படம் கண்முன் வந்தது. கண் கற்கள் இரண்டும் அதில் தெரியும். மூக்குத்திக் கல்லும் தெரியும். நெற்றி மட்டும் சுத்த வெள்ளை. அன்றைக்கே அங்கே தகடு இருந்திருக்கிறது. பெட்டி எங்கள் வீட்டில் இருந்தபோது.

வீரையனும் அந்தப் படத்தை எத்தனையோ முறை பார்த்தவன். இப்போது பிரிண்டை வாங்கிப் பார்த்தான். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தான். இந்த ஒரு நாளுக்காகத்தான் காத்திருந்தான், இப்போது கொட்டுவான் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"எந்தக் கேமராவை எடுக்கலாம்ண்ணே?" என்றான். அவ்வளவுதான்.

அவன் விட்டுக்கொடுத்ததை வாங்கிக்கொண்டு வாயை மூடியிருக்கலாம். நௌஷாத்துக்கு எங்கள் கதை தெரியாது. ஆனால் என் வீட்டு மானத்தை வீரையன் தயவில் வைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

"எங்க வீட்டுப் படத்துல நெத்தியில சிவப்பே இல்ல, வீரையா."

"பாத்திருக்கேன்."

"உங்க அப்பாவைப் பத்தி நாங்க சொன்னது பொய். எங்கப்பா தெரிஞ்சு சொன்னாரா, தெரியாம சொன்னாரான்னு எனக்குத் தெரியாது. சொன்னது பொய். சிவராத்திரி அன்னிக்குப் பெட்டி தொறக்குறப்ப நானே சொல்றேன்."

"பொண்ணு கொடுத்தவங்க, எடுத்தவங்க எல்லாம் வந்து நிப்பாங்கண்ணே. நம்ம ரெண்டு பேரோட போகட்டும்."

"உங்கப்பாவை அவங்க முன்னாடிதானே சொன்னோம்."

நான்கு புள்ளிக் கேமராவை எடுத்துக்கொண்டோம். அதை வீரையன் பக்கம் நகர்த்தி, அவனையே படம் எடுக்கச் சொன்னேன். நெற்றியை விட்டுவிடாதே என்றும் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் கூடத்துப் படத்தைக் கழற்றினேன். தூசு தட்டவா என்று என் மனைவி சாவித்திரி அடுக்களையிலிருந்து கேட்டாள். துணியில் சுற்றித் தா, சிவராத்திரிக்கு வீரையன் வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும் என்றேன்.