பகலில் ஒற்றைக் கொம்பன்

அறுவடை முடிந்து சோளமெல்லாம் குதிருக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. காவல் பரணில் இனி யாருக்கும் வேலை இல்லை. ஊரே குறட்டை விட்டுக்கொண்டிருந்தது, மலிட்டாவுக்கு மட்டும் பொட்டுத் தூக்கம் இல்லை. காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பாள். யானை வருகிற மாதம் முடிந்துபோனதுகூடத் தெரியாத காதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அவள் கணவன் யோரமை அவர்களுடைய சோளக் கொல்லையிலேயே ஒற்றைக் கொம்பன் யானை மிதித்துக் கொன்று இரண்டு விளைச்சல் ஆகிவிட்டது. இரண்டுக்கும் அவள்தான் பரணில் ஏறிக் காவல் காத்தாள். தகரத்தைத் தட்டுவாள், மிளகாய்ப் புகை போடுவாள், தொண்டை கிழியக் கத்துவாள். அதுவும் சளைக்காமல் லுவாங்வா ஆற்றைக் கடந்து வந்துகொண்டே இருந்தது. இத்தனைக்கும் அவள் அதை முழுசாகப் பார்த்ததே இல்லை. டார்ச் வெளிச்சத்தில் ஒரு காது, ஒரு முதுகு, ஒடிந்துபோன தந்தத்தின் மொண்ணை நுனி. அவ்வளவுதான்.

அப்போதுதான் அக்கரையிலிருந்து அந்தச் செய்தி வந்தது. அக்கரை முழுக்க தேசியப் பூங்கா. அங்கே வெள்ளைக்காரர்கள் வந்து தங்குகிற விடுதிக்கு மிளகாய் விற்பது மலிட்டாவின் பெண்கள் சங்கம். விடுதிக்காரர்களுக்கு என்ன தோன்றியதோ, சங்கத்துப் பெண்கள் ஒருநாள் காட்டைச் சுற்றிப் பார்க்கட்டும், வண்டி தருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். தலைவி என்கிற முறையில் ஏற்பாடெல்லாம் மலிட்டாவின் தலையில் விழுந்தது. விழுந்ததா, அவளே எட்டிப் பிடித்தாளா என்று அவள் தோழி செலிபாவைக் கேட்டால் வேறு கதை சொல்வாள்.

புளியமரத்தடியில் கூட்டம் போட்டார்கள். வாயுள்ளவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"சிங்கம் பாக்காம நான் வண்டிய விட்டு இறங்க மாட்டேன்," என்றாள் லவ்னெஸ்.

"எனக்கு ஒட்டகச்சிவிங்கி போதும்டி," என்றாள் செலிபா. "பாத்துட்டு வந்து எம் புருஷன்கிட்ட சொல்லணும், கழுத்துன்னா அதுதான்யா கழுத்து, உனக்குத் தலை தோள்லயே ஒக்காந்திருக்குன்னு."

மலிட்டா சிரிக்கவில்லை. "அதெல்லாம் காலையிலேயே பாத்து முடிச்சிடணும். மத்தியானம் கருங்காலித் தோப்புக்குப் பின்னால இருக்கற மடுவுக்குப் போறோம். சாப்பாடு அங்கதான்."

"அங்க என்னடி இருக்கு?"

"நிழல் இருக்கு."

விடுதியில் வண்டி ஓட்டுகிறவன் யோரமின் தம்பி மசாவுசோ. கூட்டம் கலையட்டும் என்று காத்திருந்து கேட்டான்.

"அண்ணி, அந்த மடுவுக்கு யாரு வருவான்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"நீதான். சோள பீர் உள்ள போனா நீ எதைத்தான் சொல்ல மாட்ட?"

"பாத்து என்ன பண்ணப் போறீங்க?"

"பகல்ல ஒரு தடவ அவன் மூஞ்சிக்கு நேரா நின்னு நாலு வார்த்த கேக்கணும். கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

"யானைகிட்டயா?"

"பின்ன, உங்கிட்டயா?"

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாளை மாற்றினாள், மறுபடி பழைய நாளுக்கே வந்தாள். வண்டியில் யார் எங்கே உட்காருவது என்று மண்ணில் கோடு கிழித்து, காலால் அழித்து, திரும்பக் கிழித்தாள். எப்படிக் கிழித்தாலும் முன் வரிசை ஓரம் அவளுக்குத்தான் வந்தது. மாவு இடிக்கும்போது உலக்கைக் குத்துக்கு ஒரு வசவாகச் சொல்லிப் பார்த்தாள். கேட்க நினைத்த நாலு வார்த்தை நாற்பதாகப் பெருத்துவிட்டது.

கிளம்புகிற அன்று மசாவுசோ எல்லாரையும் திறந்த வண்டியில் ஏற்றிவிட்டுச் சட்டம் பேசினான். "யாரும் எந்திரிக்கக் கூடாது. சத்தம் போடக் கூடாது. மூச்சுகூட மெதுவாத்தான் விடணும்."

"தம்பி, நாங்க சர்ச்சுக்குப் போறமா, காட்டுக்குப் போறமா?" என்றாள் செலிபா.

காலையில் சிங்கத்தைப் பார்த்தார்கள். அது மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது. இதைப் பார்க்கவா வெள்ளைக்காரர்கள் கப்பல் ஏறி வருகிறார்கள், இதே மாதிரி ஒன்று என் வீட்டிலும் கிடக்கிறது என்று லவ்னெஸ் அலுத்துக்கொண்டாள். செலிபாவுக்குக் கழுத்து கிடைத்தது. மலிட்டாவின் கண்ணில் எதுவும் ஏறவில்லை. "போதும், கெளம்பு, கெளம்பு" என்று கொழுந்தனை நச்சரித்துக்கொண்டே வந்தாள்.

மடுவின் கரையில் நிழல் பார்த்து வண்டியை நிறுத்தினார்கள். சோளக் களியும் கருவாட்டுக் குழம்பும் தகரத் தட்டுகளில் இறங்கின. மலிட்டா தன் தட்டைத் தொடவே இல்லை.

அது தோப்புக்குள்ளிருந்து சத்தமில்லாமல் வந்தது. ஒரு பக்கம் தந்தம், இன்னொரு பக்கம் மொண்ணை.

யாரும் யோசிக்கவில்லை. ஆளாளுக்குக் களியைக் கீழே கொட்டிவிட்டுத் தட்டைத் தூக்கி வண்டியின் பக்கத்தில் ஓங்கி அடித்தார்கள். ஊளையும் கூச்சலும் வானத்துக்கு எழும்பின. பிறந்ததிலிருந்து யானையைக் கண்டால் அவர்கள் செய்து பழகியது அது ஒன்றுதான்.

"நிறுத்துங்க! ஐயோ, நிறுத்துங்கடீ!" மசாவுசோவுக்கு மரியாதையெல்லாம் பறந்துபோனது.

ஒற்றைக் கொம்பன் காதை விரித்தது. தலையை உயர்த்திக்கொண்டு நேராக வண்டியைப் பார்த்து ஓடி வந்தது. தட்டுகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. லவ்னெஸ் இருக்கைக்கு அடியில் புகுந்துவிட்டாள்.

மலிட்டா எழுந்து நின்றாள். நாற்பது வசவில் ஒன்றுகூட நாக்கில் இல்லை. பரணில் நின்று கத்துகிற அதே குரல்தான் வந்தது.

"போடா! போ! உன் வீட்டுக்குப் போடா!"

அது சட்டென்று நின்றது. கிளம்பிய புழுதி முன்னால் வந்து எல்லார் முகத்திலும் படிந்தது. விரிந்திருந்த காது மெல்லத் தொங்கியது. துதிக்கையை அவள் பக்கமாக நீட்டி முகர்ந்தது. அவள் அதை முழுசாகப் பார்த்தாள். காய்ந்த சேறு, நீளமான இமை மயிர், அதற்குக் கீழே சின்னதாக ஒரு கண். அந்தக் கண்ணில் வெட்கம் இருக்குமென்று நினைத்து வந்திருந்தாள். அப்படியெதுவும் இல்லை.

"அண்ணி," என்றான் மசாவுசோ. "உங்க குரல் அவனுக்குத் தெரியுது."

மலிட்டாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தெரியாமல் எப்படி இருக்கும்? யோரம் போன பிறகு இருட்டில் அவள் வாய் திறந்து பேசியது வேறு யாரோடு?

"போடா," என்றாள் மறுபடியும். சுரத்தே இல்லை. அது நகரவில்லை.

பின்னாலிருந்து செலிபா கிசுகிசுத்தாள். "அடியே, அவன் எங்கடி போவான்? அவன் வீட்டுலதான நிக்கறான்."

யாரோ களுக்கென்று சிரித்து, பயத்தில் பாதியிலேயே விழுங்கினார்கள். மலிட்டா மடுவைப் பார்த்தாள், தோப்பைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள்.

"வண்டிய எடு."

"கேக்கணும்னு சொன்னீங்களே அண்ணி?"

"அவன் வீட்டு வாசல்ல நின்னுகிட்டு அவனை என்னத்தக் கேக்கறது? எடுன்னா எடு."

மசாவுசோ வண்டியைப் பையப் பின்னால் நகர்த்தினான். ஆற்றுப் பாலம் வந்தபோது மலிட்டா யோரமின் பெயரைச் சொல்லி வாய்விட்டு அழுதாள். புதைத்த அன்றைக்குக்கூட அவள் அப்படி அழுததில்லை. செலிபா அவளை இழுத்துத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள்.

மழை பெய்து அடுத்த சோளம் பால் பிடிக்கும்போது அது ஆற்றைக் கடந்து வரத்தான் போகிறது. அவளும் பரணில் ஏறத்தான் வேண்டும். அங்கே நின்றுகொண்டு அவள் அதைப் போகச் சொல்லலாம். அது அவள் வீடு.