பஸ்டருக்கு என்ன கொடுப்பது

எதிர்வீட்டு தியோடர் கோயம்புத்தூருக்குக் கிளம்பும்போது பாகீரதியிடம் இரண்டைக் கொடுத்துவிட்டுப் போனார். ஒன்று, பிரம்புக் கூடையில் இருந்த எட்டு வார நாய்க்குட்டி. இன்னொன்று, அதற்கு என்ன சாப்பாடு கொடுக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் டைப் செய்த ஒரு தாள்.

"பன்னெண்டு நாள்தான் மேடம். மகளுக்குப் பிரசவம். பஸ்டர் தொந்தரவே குடுக்க மாட்டான்" என்றார்.

பாகீரதி வங்கியில் விருப்ப ஓய்வு வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. யாராவது ஏதாவது பொறுப்பைக் கொடுத்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு. ஆட்டோ ரிச்சர்ட்ஸ் டவுன் பூங்காவைத் தாண்டி மறைந்த பிறகுதான் தாளைப் பிரித்துப் படித்தாள். காலையில் கொத்துக்கறி. மத்தியானம் ஒரு வேகவைத்த முட்டை, எலும்பு சூப். சாயங்காலம் கோழி ஈரல்.

கணவர் சேஷகிரி தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "முட்டை வாசல் கேட்டுக்கு உள்ள வரப்படாது, பாகீ. பாலும் சாதமும் போடு. குழந்தைதானே அது."

அப்படியே செய்தாள். பஸ்டர் கிண்ணத்தையே விழுங்கிவிடுவது போலக் குடித்தான். மறுநாள் காலையில் வராந்தா முழுக்க மஞ்சளாகக் கழிந்து வைத்திருந்தான்.

பாகீரதி வராந்தாவைக் கழுவினாள். எழுதிக் கொடுத்ததை மீறினோம், அதனால்தான் இப்படி ஆயிற்று என்று நினைத்தாள். முப்பது வருடம் சுற்றறிக்கையைப் பார்த்து வேலை செய்தவள். காகிதத்தில் இருப்பதைச் செய்யாமல் விட்டதுதான் அவளை அதிகம் உறுத்தியது.

வீட்டு வேலைக்கு வரும் சந்திரம்மாதான் வழி சொன்னாள். "நீங்க ஏன்மா கவலப்படறீங்க? ஜீவனஹள்ளில எங்க வூட்லயே வேகவெச்சு டப்பால கொண்டாறேன். நீங்க தொடவே வேணாம், நானே ஊட்டி வுடறேன்."

அன்றே, சேஷகிரி ஆபீசுக்குப் போனதும் டப்பா வந்தது. கொத்துக்கறி, முட்டை, ஈரல் எல்லாம் தாளில் கண்டபடி. பாகீரதி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். பஸ்டர் வாலை ஆட்டி ஆட்டித் தின்றான். சாயங்காலத்துக்குள் இரண்டு முறை வாந்தி எடுத்தான். கழிச்சல் தண்ணீராகவே போயிற்று.

இப்போது அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பாலும் ஆகவில்லை, கறியும் ஆகவில்லை என்றால் வேறு எதுதான் ஆகும்?

"நம்ம ஆபீஸ் கேசவமூர்த்தி மூணு நாய் வளக்கறான். மோர் சாதம்தான் மருந்துங்கறான்" என்றார் சேஷகிரி. சந்திரம்மாவோ, "மோரு குளிர்ச்சிம்மா, சளி புடிச்சிக்கும். அரிசிப்பொரிய ஊற வெச்சிக் குடுங்க" என்றாள். மருந்துக்கடையில் ரஸ்க் என்றார்கள். பாகீரதி யாரையும் விடவில்லை. மோர் சாதம் இரண்டு வாய், பொரி இரண்டு வாய், ரஸ்க் ஒரு துண்டு என்று எல்லாவற்றையும் கொடுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் காலையில் பஸ்டர் தலையைத் தூக்கவே இல்லை. கூப்பிட்டால் காது மட்டும் லேசாக அசைந்தது.

துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் காக்ஸ் டவுன் கிளினிக்குக்குப் போனாள். சின்னப் பெண்ணாகத் தெரிந்த டாக்டர் ரக்ஷா, குட்டியின் கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தாள். அது மெதுவாகத்தான் பழைய நிலைக்குத் திரும்பியது.

"தண்ணி ரொம்பக் கொறஞ்சிருக்கு. ஏனு கொட்ரி?" என்று கன்னடத்தில் கேட்டுவிட்டுத் தமிழுக்கு மாறினாள். "என்னென்ன குடுத்தீங்க?"

பாகீரதி வரிசையாகச் சொன்னாள். பாதியிலேயே டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

"ரெண்டு நாள்ல இவ்வளவா? சரி, உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி என்ன சாப்பிட்டுது?"

பாகீரதி கைப்பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினாள். டாக்டர் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "இதெல்லாம் பழக்கமா இருந்தா, திரும்பக் குடுத்தப்போ இப்படி வாந்தி எடுத்திருக்காது மேடம். ஓனரைக் கேளுங்க."

குட்டிக்குத் தோலுக்கடியில் மருந்துநீர் ஏற்றினார்கள், ஊசி போட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் பாகீரதி கோயம்புத்தூருக்கு எஸ்.டி.டி. போட்டாள். நேற்றும் தியோடர் கூப்பிட்டிருந்தார், 'நன்னா இருக்கான்' என்று அவரிடம் பொய் சொல்லியிருந்தாள். இப்போது ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள்.



"மேடம்... அது அவனை வித்தவரு குடுத்த லிஸ்ட். அப்படியே டைப் பண்ணிட்டேன்."

"அப்போ நீங்க என்னதான் குடுத்தீங்க?"

"ராகிக் கஞ்சி."

"மத்தியானம்?"

"அதேதான் மேடம். நான் குடிக்கறதுல அவனுக்கும் ஒரு கரண்டி. மேரி போனப்புறம் அடுப்புல நான் வேற எதுவும் வெக்கறதில்ல." குரல் தணிந்தது. "உங்க கையில குட்டியக் குடுக்கறப்ப அதை எப்படி எழுதறதுன்னு கூச்சமா இருந்துச்சு."

பாகீரதி கோபப்பட வேண்டிய இடம்தான். இந்த மனிதர் எழுதிய பொய்யால் ஓர் உயிர் போகப் பார்த்தது. ஆனால் மனைவி இறந்த பிறகு ஒன்றரை வருடமாக எதிர்வீட்டில் ஒருவர் மூன்று வேளையும் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறார், அது தனக்குத் தெரியவில்லை. எதைப் பற்றி முதலில் பேசுவது என்று தெரியாமல், "சரி, பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டாள்.

டாக்டருக்குப் போன் செய்து சொன்னாள். "அப்ப ராகிக் கஞ்சியேதான் சரியா? கறி தப்பா?"

"அய்யோ மேடம், கறி தப்பில்ல. வளர்ற குட்டிக்கு முட்டை, கறி வேணும். ஆனா திடீர்னு மாத்தினதுதான் தப்பு. இன்னிக்கு நீர்க்க அரிசிக் கஞ்சி மட்டும், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ரெண்டு ஸ்பூன். வாந்தி நின்னா நாளன்னிக்கு ராகி சேருங்க. மத்ததெல்லாம் அப்புறம், ஒவ்வொண்ணா."

அப்படியானால் தாளும் சரி, தாளில் இல்லாததும் சரி. பாகீரதிக்குத் தலை சுற்றியது. ஆனாலும் அன்று வேறு யார் சொன்னதையும் அவள் காதில் வாங்கவில்லை. மோர் பற்றி மறுபடி ஆரம்பித்த சேஷகிரியிடம், "டாக்டர் சொன்னது மட்டும்தான்" என்றாள். கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் கஞ்சியை ஊட்டினாள். முதல் தடவை கடைவாயில் வழிந்தது. நான்காவது தடவை பஸ்டர் ஸ்பூனை நக்கினான். மறுநாள் வாந்தி நின்றது. ராகி தொடங்கி இரண்டு நாளில் எழுந்து நடந்து சேஷகிரியின் செருப்பைக் கடித்தான். எட்டாம் நாள் சந்திரம்மா ஒரு சுண்டைக்காய் அளவு முட்டை கொண்டுவந்தாள். சேஷகிரி பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. தெரிந்துதான் நிமிர்த்தவில்லை என்பது பாகீரதியின் எண்ணம்.

பன்னிரண்டாம் நாள் காலையில் தியோடர் பெட்டியோடு நேராக இங்கேயே வந்தார். பேரன் பிறந்திருந்தான். பஸ்டர் அவர் காலைச் சுற்றிச் சுற்றிக் குரைத்தான். அவர் குனிந்து தூக்கிக்கொண்டார், பாகீரதியின் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் பத்து நாளாகச் சேர்த்துவைத்த வார்த்தைகளை விட்டுவிட்டுக் கதவை அகலத் திறந்தாள்.

"உள்ள வாங்கோ சார். தட்டு வெக்கறேன்."

"இல்ல மேடம், ரயில்லயே..."

"வெண்பொங்கல் பண்ணியிருக்கேன். கொத்சும் இருக்கு."

தியோடர் குட்டியைக் கீழே விட்டார். கை கழுவ எங்கே போக வேண்டும் என்று கேட்டார்.