சிங்களம் தெரிந்தவர்

எமிலியா அண்ணனின் வெள்ளைச் சேர்ட்டை அயன் பண்ணிக்கொண்டிருந்தாள். பத்து மணிக்குள் சவச்சாலையில் கொடுக்க வேண்டும். பக்கத்து அறையில் ஏழு ஆண்கள் அண்ணனை விசாரித்துக்கொண்டிருந்தார்கள். கதவை மூடவும் இல்லை, அவளைக் கூப்பிடவும் இல்லை.

அண்ணன் யோசேப் செத்து நாலு நாள். வேலை முடிந்து சைக்கிளில் வரும்போது மாரடைப்பு. இரண்டு மணிக்குக் கத்தோலிக்கக் கோயிலில் பூசை. பெட்டி தூக்க ஆறு பேர் வேண்டும். எண்பத்தாறாம் ஆண்டு தை மாதம் டென்மார்க்கின் ரண்டர்ஸில் அவளுக்குத் தெரிந்த தமிழ் ஆண்கள் இந்த ஏழு பேர்தான்.

"குருநாகல் பேக்கரியில நிண்டவர். பாணோட சிங்களமும் சுட்டவர்," என்றான் லோரன்ஸ். யாரோ சிரித்தார்கள்.

"சிங்களம் தெரிஞ்சாக் குற்றமோ?" தவராஜாவின் குரல். "கொழும்பில நானும் கதைச்சனான்."

"கதைக்கிறது வேற அண்ணை. மாசாமாசம் சிங்களத்தில கடிதம் வாறது வேற. இஞ்ச ஆர் எந்த இயக்கத்தின்ர ஆள் எண்டு இவர் அவங்களுக்கு எழுதேல்லை எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"அப்ப வந்த கடிதங்களை வாசிச்சுப் பாப்பம்."

"ஆர் வாசிக்கிறது?"

அவர்களுக்குள் சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் சவச்சாலையில் கிடந்தார்.

கடிதம் யாருடையது என்று எமிலியாவும் ஒருமுறை அண்ணனைக் கேட்டிருக்கிறாள். "ஒரு சிநேகிதன்" என்று சொல்லிவிட்டுக் கடிதத்தை மெத்தைக்கு அடியில் வைத்தார். சிநேகிதனின் கடிதத்தை ஏன் ஒளிக்க வேண்டும்? அதற்கு அவர் பதில் போட்டு இரண்டு கிழமையில் மன்னாரில் தம்பியை ஆமி பிடித்தது. இரண்டுக்கும் தொடர்பு இல்லாமலும் இருக்கலாம்.

எல்லோருக்கும் மூத்த கனகசபை வாசலுக்கு வந்தார்.

"தங்கச்சி, நீர் கூடப்பிறந்தனீர். கொண்ணர் அப்பிடிச் செய்யேல்லை எண்டு ஒரு சொல்லுச் சொல்லும். இந்தக் கதையை விட்டிட்டு எல்லாரும் வாறம்."

அவருக்குப் பின்னால் ஆறு முகங்கள். அவள் அயன்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"எனக்குத் தெரியாது."

"சும்மா எண்டாலும் சொல்லுமன், பிள்ளை," என்றார் தவராஜா.

அவள் சேர்ட்டை மடித்தாள். லோரன்ஸ்தான் முதலில் சப்பாத்தைக் காலில் போட்டுக்கொண்டு வெளியேறினான்.

கோயிலுக்கு வந்தது தவராஜா மட்டும். அவர் சைவம், எப்போது எழும்புவது, எப்போது முழங்காலில் நிற்பது என்று தெரியாமல் அவளைப் பார்த்துப் பார்த்துச் செய்தார். பூசை முடிந்ததும் பெட்டியின் ஒரு பக்கத்தில் அவரும் யோசேப்போடு வேலைசெய்த இரண்டு டேனிஷ்காரர்களும் நின்றார்கள். மற்றப் பக்கத்தில் பெட்டி கொண்டுவந்தவர்கள் இரண்டு பேர். பின் கைப்பிடி ஒன்று சும்மா தொங்கியது. பாதர் அவளைப் பார்த்தார். மன்னாரில் பெண்கள் பெட்டி தூக்குவதில்லை.

அவள் போய்ப் பிடித்தாள்.

வெளியே பனி உறைந்து வழுக்கியது. ஐந்து ஆண்களும் நீள நீளமாக அடி வைத்தார்கள். அவளால் அந்த அளவுக்கு எட்டி வைக்க முடியவில்லை. பெட்டி அவள் பக்கம் சரிந்தது. முன்னால் போன டேனிஷ்காரன் திரும்பிப் பார்க்காமலே அடியைச் சுருக்கினான். பிறகு மற்றவர்களும்.