ஓட்டத்துக்குப் பதினைந்து நாள்

போலீஸ் வேலைக்கான ஓட்டத்துக்கு இன்னும் பதினைந்தே நாள். அந்த நேரம் பார்த்துச் சிவரஞ்சனிக்குக் குளிர்காய்ச்சல் வந்து தொலைத்தது. எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். நானூறு மீட்டரை ஓடி முடித்தால் காக்கிச்சட்டை கைக்கு வந்த மாதிரிதான். அவளோ இரண்டு கம்பளிக்குள் வெடவெடவென்று நடுங்கிக் கிடந்தாள்.

முதலில் பார்த்த டாக்டரிடம் "காய்ச்சல் சார்" என்றாள், அவ்வளவுதான். நாலு நாளாக ஒன்றுக்குப் போகும்போது எரிவதை ஓர் ஆம்பளையிடம் எப்படிச் சொல்வதாம்! அவரும் காய்ச்சல் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார். மறுநாள் வாந்தியும் சேர்ந்துகொள்ள, அம்மா ஆண்டாயி அவளைப் பஸ்ஸில் ஏற்றி அரியலூர் கொண்டுபோனாள்.

அங்கே லேடி டாக்டர். விலாவுக்குக் கீழே முதுகில் லேசாகத் தட்டினார். சிவரஞ்சனி "ஆத்தாடி!" என்று துள்ளிவிட்டாள்.

"ஒன்னுக்குப் போனா எரியுதா?"

கேட்க ஓர் ஆள் கிடைத்ததில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"தண்ணி நல்லா குடிக்கிறியா?"

"எங்கங்க மேடம்? ஓடிப் பழகுற சுண்ணாம்புச் சுரங்க ரோட்டுல மறைவே கெடையாது. அப்புறம் பஸ்ஸு, டைப் கிளாஸு. இருட்டுனாத்தான் ஒதுங்க முடியும். அதான் குடிக்கறதில்ல."

"அடக்கி அடக்கி வெச்சதுல கிருமி பெருகி, கிட்னிக்கு ஏறிடுச்சு. கிட்னி கெட்டுப்போகல, பயப்படாத."

சிறுநீரைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, அவளை அங்கேயே படுக்கையில் சேர்த்து, அப்போதே நரம்பில் ஊசி ஏற்றினார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. எந்த மருந்துக்கு அந்தக் கிருமி சாகும் என்ற முடிவும் வந்தது. பத்து நாள் மாத்திரையோடு வீடு திரும்பினாள்.

நாலாவது மாத்திரைக்கே ஆண்டாயி குறுக்கே நின்றாள். "காச்சதான் வுட்டுருச்சே. மாத்திரை சூடுடி. ஓடற ஒடம்பு, நிறுத்திப்புடு."

"பாதியில நிறுத்துனா மிச்சக் கிருமி திரும்பக் கெளம்புமாம்மா. அப்புறம் எங்க ஓடறது?" ஒரு வேளைகூட விடவில்லை அவள்.

ஓட்டத்தன்று திருச்சி மைதானத்தில் நூற்றுக்கணக்கான பெண்கள், வெயிலில் உதடு காய்ந்து, தண்ணீரைத் தொடாமல் நின்றார்கள். ஏன் என்று அவளுக்கா தெரியாது? நேரே பெண் இன்ஸ்பெக்டரிடம் போய், எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள்.

"மேடம், பாத்ரூம் எங்க இருக்குங்க?"

இன்ஸ்பெக்டர் கைகாட்டிய பக்கம் அவள் நடக்க, பின்னாலேயே முப்பது பேர் திமுதிமுவென்று வந்தார்கள்.

விசில் ஊதினார்கள். ஓடினாள், என்ன ஓட்டம் அது! "பாஸ்!" என்று குரல் கேட்டபோது வேலிக்கு அந்தப்புறம் ஆண்டாயி பாட்டிலை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தாள்.

"தண்ணியக் குடிடி, மொதல்ல தண்ணியக் குடி!"

அத்தனை பேர் பார்க்க, சிவரஞ்சனி மடமடவென்று முழுப் பாட்டிலையும் குடித்தாள்.